காய்ச்சலும் லயத்துத் தண்ணீர்ப் பீப்பாயும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். தீபாவளி முடிந்து வந்ததிலிருந்து தரம் 6இல் பல பிள்ளைகளுக்குக் காய்ச்சல். இருவருக்கு டெங்கு என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது.

"இந்த மலைநாட்டுக் குளிரில் ஏது டெங்கு?" என்று ஒரு தாத்தா கேட்டார். நியாயமான கேள்விதான். குளிரில் நுளம்பு வளரவும், அதன் உடலுக்குள் கிருமி பெருகவும் நாள் கூடுதலாகும். ஆனால் வெயில் மாதங்களில் அந்தத் தடை தளர்ந்துவிடும். நுளம்பு சில நூறு மீற்றர்தான் பறக்கும். கொழும்பிலிருந்து கிருமியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவது நாம்தான். அதற்காகக் கடை வேலைக்குப் போன மகனைப் பண்டிகைக்கு வராதே என்று சொல்ல முடியுமா?

மழை பெய்தால்தான் நுளம்பு என்றும் நினைக்காதீர்கள். 1934இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளான இடத்தில்தான் மலேரியா நுளம்பு பெருகியது. அடுத்த ஆண்டுக்குள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்கள் போயின. இப்போது அந்தக் குட்டை நம் லயத்து வரிசை வீடுகளின் முன்திண்ணையான இஸ்தோப்பில் பீப்பாயாக நிற்கிறது. தண்ணீர்க் குழாயான பீலியில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தால் சேர்த்து வைக்காமல் வேறென்ன செய்வது? அது சோம்பேறித்தனம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பீப்பாயைத் துணி போட்டு இறுக்கிக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேங்காய்ப் பொச்சால் உள்பக்கத்தை நன்றாகத் தேய்க்க வேண்டும். தகரம் காற்றில் பறக்காமலிருக்கக் கூரையில் வைத்த பழைய டயரை எடுத்துவிட்டுக் கல்லை வையுங்கள். எங்கள் பக்கமும் தப்பு உண்டு: போன வாரம் பாடசாலைக் கூரைத் தண்ணீர் வடியும் பீலிவாய்க்காலிலேயே நுளம்புப் புழுக்களைக் கண்டோம்.

காய்ச்சல் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஒருநாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வீட்டில் வைத்திருங்கள், வரவு பற்றி நான் கேட்க மாட்டேன். பனடோல் (பரசிட்டமோல்) தவிர வேறு வலிமாத்திரை வேண்டாம். காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், ஆபத்து அப்போதுதான். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, இரத்தக்கசிவு ஏதாவது கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாடசாலையில் சிரமதானம். பொச்சு நாங்கள் தருகிறோம், வாளி மட்டும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
அதிபர்