எரித்த செம்பை வாங்குகிறவர்களையும் விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவைக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடும் வேலை பார்க்கிறேன். போன சித்திரையில் ஒரே இராத்திரியில் தெளிப்பான் வால்வுகளைத் திறந்து மூடும் செம்பு ஒயரை வெட்டி உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஓடுவது 24 வோல்ட்தான், வெட்டுகிறவர் ஷாக்குக்குப் பயப்பட வேண்டியதில்லை. பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள புல்லை மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டியிருப்போம். அந்த வெயிலில் தண்ணீர் தவறினால் உடனே கருகத் தொடங்கும். ஓஸ் பைப்பை இழுத்து இழுத்துத்தான் காப்பாற்றினோம்.

"பணக்காரங்க விளையாடற இடந்தானே, போனாப் போகுது" என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. விளையாட வருகிறவர்களுக்கு அதில் என்ன நட்டம்? சந்தேகம் விழுந்தது இராத்திரி வாட்ச்மேன் மேல். வயதான மனுசர், சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம், பல்லடம், அன்னூர், பொள்ளாச்சிப் பக்கம் தோட்டங்களில் மோட்டார் கேபிள் போவதும் இதே செம்புக்காகத்தான். பயிர் காயும்போது அந்த விவசாயி என்ன செய்வார்?

எங்களால் ஆனதைச் செய்துவிட்டோம். கோல்ஃப் வண்டிக்கு எட்டு வோல்ட் பேட்டரி ஆறு. ஒவ்வொன்றிலும் நம்பர் பொறித்து, இரும்புப் பட்டை போட்டுப் பூட்டியாயிற்று. புல்வெட்டும் இயந்திரங்களின் சீரியல் நம்பரைப் போட்டோவோடு எழுதி வைத்திருக்கிறோம். இவை திருடு போனாலும் அடையாளம் காட்டலாம். ஒயருக்கு அது நடக்காது. மேலுறையை எரித்துவிட்டால் எல்லாச் செம்பும் ஒன்றுதான். அது கைமாறும் இடத்தில்தான் பிடிக்க முடியும்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம், மூன்றாண்டு வரை சிறை உண்டு. நேர்மையாகத் தொழில் செய்யும் பழைய இரும்புக் கடைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. எரித்த செம்பைக் கொண்டு வருகிறவரின் பெயர், போன் நம்பர், அடையாள அட்டை நகல் மூன்றையும் எல்லாக் கடைகளிலும் நோட்டில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். அந்த நோட்டை மாதம் ஒரு தடவையாவது போலீசார் பார்க்க வேண்டும்.

போலீசார் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றமென்றால், புகாரை எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போது சட்டமே சொல்கிறது. அதனால் கேபிளைப் பறிகொடுத்தவர்கள், சின்னத் தொகைதானே என்று விடாமல் எழுதிக் கொடுங்கள். கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் இதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
மைதான நீர்ப்பாசனப் பணியாளர்,
சூலூர்.