மழைநீர் டிரம்கள்: ஞாயிறு காலை பராமரிப்பு

அனைவருக்கும் வணக்கம்.

மழை தொடங்குமுன் நம் குடியிருப்பின் மழைநீர் டிரம்களைச் சரிபார்க்கிறோம். வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு, மாடிக் குழாய் இறங்கும் இடத்தில் கூடுவோம்.

1. டிரம்மைக் கையால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால், வெயிலில் பிளாஸ்டிக் நைந்துவருகிறது என்று அர்த்தம். குழாய் பொருத்திய துளையைச் சுற்றி மயிரிழை போலக் கோடு தெரிந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.
2. 200 லிட்டர் டிரம் நிறைந்தால் 200 கிலோவுக்கு மேல் எடை. அடியில் மேடை ஆடக்கூடாது.
3. உட்சுவரைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. டெங்கு கொசுவின் முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கும். தயவுசெய்து இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.
4. டிரம் வாயை மூடும் கொசுவலை கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.
5. ரசாயனம் இருந்த பழைய டிரம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், இந்தத் தண்ணீர் செடிகளுக்கும் தரை கழுவவும்தான், குடிக்க அல்ல. குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள்.

வருபவர்கள் சனி இரவுக்குள் பெயரைப் பதிவிடுங்கள். நீளக் கைப்பிடி பிரஷ் வைத்திருப்பவர்கள் அதையும் குறிப்பிடுங்கள்.