முழுப் பாகமாக வாங்கினால் மிச்சம் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், மாட்டிறைச்சியை ஸ்டேக்காகவும் (கனமான வில்லை) துண்டாகவும் வாங்காமல் முழுப் பாகமாக வாங்கி வீட்டிலேயே வெட்டிக்கொண்டால் பெருந்தொகை மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். சொன்னது தப்பில்லை, பாதியில் நின்றுவிட்டது. இரண்டு விலைகளையும் கழித்துப் பார்த்து, வந்ததை அப்படியே லாபம் என்று காட்டிவிட்டீர்கள். கறி வெட்டும் தொழிலில் யாரும் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. வாங்கிய எடை வேறு, சட்டிக்குப் போகும் எடை வேறு.

இந்த விஷயத்தில் அதிகம் ஏமாற்றுவது முதுகெலும்பின் உட்புறம் ஒட்டிக் கிடக்கும், அண்டர்கட் என்று சொல்லப்படும் டெண்டர்லாயின்தான். சுத்தம் செய்யாத முழுத் துண்டு 3 கிலோ, கிலோ விலை 100 என்று வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்து வெட்டிய ஸ்டேக் கிலோ 150. மேலோட்டமாகப் பார்த்தால் 150 மிச்சம். இப்போது கத்தியை எடுங்கள். கொழுப்பும் சவ்வுமாக 600 கிராம் கழியும். பக்கவாட்டில் நீளமாக ஒட்டிவரும் செயின் என்ற சதை 300 கிராம் இருக்கும். அதிலுள்ள சவ்வையும் கொழுப்பையும் எடுத்தால் 200 கிராம் கொத்துக்கறிக்குத் தேறும். ஸ்டேக் போட மிஞ்சுவது 2.1 கிலோ. அதன் மதிப்பு 315. கொத்துக்கறி கிலோ 60 என்றால் அந்த 200 கிராமுக்கு 12. ஆக, 300 கொடுத்து 327 பெறுமான கறி வாங்கியிருக்கிறோம். மிச்சம் 27. வால் பக்கம் மெலிந்துபோகும் கறியையும் ஸ்டேக் விலையில் சேர்த்ததால் இதுகூடக் கொஞ்சம் தாராளமான கணக்குதான்.

சூத்திரம் எளிது. கிலோ விலையைத் தேறும் விகிதத்தால் வகுக்க வேண்டும். கிலோ விலை 100 என்று வைத்து, எடையில் 70 சதவீதம் தேறினால் உண்மை விலை 143. 85 தேறினால் 118. வெட்டிய கறி அதைவிட மலிவாகக் கிடைத்தால் முழுப் பாகத்தைத் தொடவே வேண்டாம். அடுத்த முறை விலைப் பட்டியல் போடும்போது தேறும் எடைக்கும் ஒரு பத்தி ஒதுக்கினால் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

வாங்கும்போது மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். வெற்றிடப் பையில் தேங்கியிருக்கும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை. தசையிலிருந்து கசிந்த நீரும், தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதமும். ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் எடை போட்டிருப்பார்கள், ஆகவே நீர் அதிகம் தேங்கிய பையைத் தவிர்ப்பது நல்லது. இரண்டாவது, உப்புநீர் ஏற்றிய கறியா என்று லேபிளில் பாருங்கள். ஏற்றியிருந்தால் தண்ணீரைக் கறி விலைக்கு வாங்குகிறீர்கள். மூன்றாவது, ஏற்கெனவே உறைய வைத்து இளக்கியதா என்று கேளுங்கள். அதை வெட்டி மறுபடி ஃபிரீசரில் வைத்தால் சமைக்கும் நாளில் நீர் நிறைய வடிந்து கறி வறண்டுவிடும்.

அப்படியென்றால் எதை வாங்கலாம்? முதல் முறை வெட்டுகிறவர்களுக்கு முதுகில் விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவிலிருந்து வரும் எலும்பில்லாத ஸ்ட்ரிப்லாயினைச் சொல்வேன். பெரும்பகுதி ஒரே தசை, நார் ஒரே போக்கில் ஓடுகிறது, வேலை என்பது மேல்கொழுப்பை அரை சென்டிமீட்டர் அளவுக்குச் சீவிவிட்டுக் குறுக்கே வெட்டுவதுதான். இதிலும் ஒரு பொறி உண்டு. இடுப்புப் பக்க முனையில் வேறொரு தசை வந்து சேர்கிறது. இரண்டுக்கும் நடுவே பிறைபோல வளைந்த கெட்டிச் சவ்வு தெரியும். அந்த முனையில் வெட்டிய ஸ்டேக்கை எப்படிச் சமைத்தாலும் பல்லில் மாட்டும். எனவே முதல் வெட்டை விலாப் பக்கமிருந்து தொடங்குங்கள். வெட்டிய ஸ்டேக்கின் இரண்டு முகத்திலும் பிறை தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, மீதியைச் சவ்வு நீக்கிச் சிறு துண்டுகளாக்கிவிடலாம்.

உண்மையான லாபம் தோள்பட்டைப் பகுதியில் இருக்கிறது. சக் ரோல் என்று முழுதாக வரும் அதில் பல தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கடினமானவை அதிகம் என்பதால் மொத்தமும் மலிவு விலைக்குப் போகிறது. ஆனால் நடுவே மென்மையானவையும் ஒளிந்திருக்கின்றன. விலாப் பக்க முனையில் விலாப் பகுதி ஸ்டேக்கான ரிப்-ஐயின் அதே தசை சற்றுத் தூரம் தொடர்கிறது, அங்கே சில நல்ல ஸ்டேக் கிடைக்கும். அதற்குக் கீழே தட்டையாக, உள்கொழுப்பு நன்றாக ஓடிய தசைதான் டென்வர். இவை இரண்டையும் பிரித்து எடுத்துவிட்டு, மற்றதைக் குழம்புத் துண்டுக்கும் கொத்துக்கறிக்கும் ஒதுக்கினால் ஒரே விலையில் மூன்று தரக் கறி கையில் இருக்கும். கடைக்காரர் இந்தப் பிரிக்கும் வேலைக்குத்தான் கூலி வாங்குகிறார்.

தோள்பட்டை எலும்பின்மேல் படிந்திருக்கும் ஃப்ளாட் அயர்ன் தசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மென்மையில் டெண்டர்லாயினுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆனால் அதன் நட்டநடுவில் கெட்டியான சவ்வுத் தகடு ஒன்று முழு நீளத்துக்கும் ஓடுகிறது. தெரியாமல் குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் அந்தக் கோடு வந்து நிற்கும். சரியான வழி: தசையைப் பலகையில் தட்டையாக வையுங்கள். பக்கவாட்டில் அந்த வெள்ளைக் கோட்டைக் கண்டுபிடித்து, கத்தியைப் படுக்கவைத்து, தகட்டை உரசியபடியே மேல் பாதியைச் சீவி எடுங்கள். பிறகு திருப்பிப் போட்டு மறுபாதியையும் அதேபோல எடுங்கள். கையில் இரண்டு நல்ல பட்டைகள், பலகையில் ஒரு தகடு.

நெஞ்சுக்கறியை முழுதாக வாங்குகிறவர்கள் அது இரண்டு தசை என்பதை மறந்துவிடுகிறார்கள். தட்டைப் பகுதியின் நார் ஒரு திசையில், அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் தடித்த பகுதியின் நார் வேறு திசையில். இரண்டுக்கும் நடுவிலுள்ள கொழுப்பு வரியைப் பின்பற்றிப் பிரித்துவிட்டால், சமைத்தபின் எந்தத் துண்டையும் நாருக்குக் குறுக்கே வெட்ட முடியும். நாரோடு நாராக வெட்டினால் எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் இழை இழையாக மெல்ல வேண்டியதுதான்.

கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். 15 சென்டிமீட்டர் நீளத்தில் குறுகலான எலும்பு நீக்கும் கத்தி, ஸ்டேக் போட 25 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளக் கத்தி, தீட்டுக்கம்பி, பெரிய பலகை, தராசு. பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. கத்தி பிடிக்காத கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை அவசியம். மொட்டைக் கத்தியால்தான் கை அதிகம் வெட்டுப்படுகிறது. அழுத்த அழுத்த அது வழுக்கும். கொழுப்பு ஏறிய கைப்பிடியை அடிக்கடி துடைத்துக்கொள்ளுங்கள். எலும்பைப் பிளக்கும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்; சில்லு கறிக்குள் போகும், கத்தியும் பல்விடும். வெற்றிட உறையிடும் இயந்திரத்தை முதல் நாளே வாங்குவதும் தேவையில்லாத செலவு.

கறி நன்றாகக் குளிர்ந்திருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. ஃபிரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்த கறியை நேராகப் பலகைக்குக் கொண்டுவாருங்கள். கொழுப்பு இளகிவிட்டால் கத்தி வழுக்கும், வெட்டுமுகமும் கோணும். பையைப் பிரித்ததும் லேசான புளிப்பு வாடை வரும், நிறமும் கருஞ்சிவப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம், கால் மணி முதல் அரை மணி நேரத்தில் வாடை போய்விடும், காற்றுப் பட்டு நிறமும் பிரகாசமாகும். அதற்குப் பிறகும் வாடை நின்றாலோ பிசுபிசுப்பு இருந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். கறியைக் குழாயடியில் கழுவாதீர்கள். கிருமி போகாது, தெறித்துச் சமையலறை முழுக்கப் பரவும். காகிதத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும்.

வெள்ளிபோல மின்னும் சவ்வை எடுப்பதில்தான் புதியவர்கள் காசை விடுகிறார்கள். எலாஸ்டின் என்ற புரதம் நிறைந்த சவ்வு எவ்வளவு நேரம் கொதித்தாலும் கரையாது, ஸ்டேக்கைச் சுருட்டியும் விடும். ஆகவே எடுத்தே ஆக வேண்டும். சவ்வின் ஓரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, கத்தி முனையை அதன் அடியில் செருகுங்கள். முதலில் ஓரம் நோக்கிச் சிறிதாக வெட்டி ஒரு பிடி உண்டாக்குங்கள். அந்தப் பிடியைக் காகிதத் துண்டால் இறுக்கிப் பிடித்து இழுத்தபடி, கத்தியை எதிர்த்திசையில் ஓட்டுங்கள். முக்கியம் என்னவென்றால், கத்தியின் வாய் சவ்வை நோக்கி லேசாக மேலே பார்க்க வேண்டும். கீழே பார்த்தால் சவ்வோடு நல்ல கறியும் பட்டையாக வந்துவிடும். எடுத்த சவ்வை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்; அதன் வழியே விரல் நிழலாகத் தெரிந்தால் வெட்டு சரி. சிவப்பாகத் தடித்திருந்தால் கறி குப்பைக்குப் போகிறது.

தசைகளைப் பிரிக்க வெட்டவே தேவையில்லை என்று சொல்லலாம். இரண்டு தசைகளுக்கு இடையிலுள்ள வரியை விரலால் தடவிக் கண்டுபிடித்து, இழுத்துப் பிடித்தால் மெல்லிய வலைபோன்ற திசு தெரியும். கத்தி முனையால் தொட்டாலே விட்டுவிடும். முரண்டு பிடிக்கிறது என்றால் வரியைத் தவறவிட்டு உள்ளே இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஸ்டேக்கை 3 சென்டிமீட்டர் கனத்துக்குக் குறையாமல், நீளக் கத்தியை ஒரே இழுப்பில் ஓட்டி வெட்டுங்கள். ரம்பம்போல முன்னும் பின்னும் அறுத்தால் மேடுபள்ளமாகி ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் வேகாது. 6 கிலோ துண்டு என்றால் பாதியை ஃபிரிட்ஜிலேயே விட்டுவைத்து மறுபாதியை முடியுங்கள். வெளியே இருக்கும் நேரம் மொத்தம் 2 மணியைத் தாண்டக் கூடாது. அறை வெப்பம் 32 டிகிரிக்கு மேல் என்றால் 1 மணிதான்.

இனி கழிவு. லாபமும் நட்டமும் இந்தக் குவியலில்தான் முடிவாகிறது. கறி ஒட்டிய பிசிறுகளைக் கொத்துக்கறிக்கு எடுங்கள்; கறி 80, கொழுப்பு 20 என்ற விகிதம் நன்றாக இருக்கும். தூய சவ்வைச் சேர்க்காதீர்கள், அரைக்கும் இயந்திரத்தின் கத்தியில் சுற்றிக்கொண்டு அரைப்பதற்குப் பதிலாக நசுக்க ஆரம்பிக்கும். அரைப்பதற்கு முன் கறியையும், இயந்திரத்தின் கத்தியையும் துளைத் தட்டையும் அரை மணி ஃபிரீசரில் வையுங்கள். இல்லாவிட்டால் கொழுப்பு உருகி மெழுகாக வரும். தோள்பட்டையிலும் தொடையிலும் உள்ள கொழுப்புக்குள் அவரைக்கொட்டை வடிவில் சாம்பல் பழுப்பு நிறத்தில் ரப்பர் மாதிரி ஒன்று தட்டுப்பட்டால் அது நிணநீர்க் கணு. முழுதாக எடுத்து எறிந்துவிடுங்கள், அரைத்தால் கசப்பு ஏறும்.

பிசிறைப் பல நாள் சேர்த்துவைத்து அரைப்பதும் கூடாது. முழுத் துண்டில் மேற்பரப்போடு நிற்கும் கிருமி, அரைத்ததும் உள்ளே முழுக்கக் கலந்துவிடுகிறது. ஆகவே ஸ்டேக்குக்கு உள்வெப்பம் 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்றால், கொத்துக்கறிக்கு 71 டிகிரி வேண்டும். ஃபிரிட்ஜிலும் கொத்துக்கறி ஓரிரு நாள்தான் தாங்கும். ஸ்டேக் மூன்று முதல் ஐந்து நாள். சுத்தமான கொழுப்பைச் சிறு துண்டாக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மெல்லிய தீயில் உருக்கி வடிகட்டினால் பொரிக்க ஆகும். உருக்கப் போவதில்லை என்றால் அதை வரவில் எழுதாதீர்கள்.

வேலை முடிந்ததும் பலகையைச் சோப்பும் சுடுநீருமாகக் கழுவி, 4 லிட்டர் தண்ணீருக்கு 15 மில்லி வாசனையில்லாத ப்ளீச் கலந்து துடைத்துக் காயவிடுங்கள்.

ஃபிரீசர் விஷயத்தில் ஆசை கூடாது. 28 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளில் 1 முதல் 1.4 கிலோ வரைதான் ஒழுங்காக உறையும். ஃபிரிட்ஜோடு வரும் 60 லிட்டர் ஃபிரீசரில் அது 2 முதல் 3 கிலோ. ஒரே இரவில் 10 கிலோவைத் திணித்தால் மெதுவாக உறைந்து, பெரிய பனிப்படிகங்கள் தசையின் உயிரணுக்களைக் கிழித்துவிடும். இளக்கும்போது சாறெல்லாம் வடிந்துபோகும். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று பிரித்து, தட்டையாக, ஒரே அடுக்காகப் பரப்பி உறைய விடுங்கள், அடுக்குவது மறுநாள். காற்றுப் புகுந்தால் மேல்புறம் சாம்பல் நிறத்தில் உலர்ந்து சக்கையாகும். வெற்றிட உறையிடும் இயந்திரம் இல்லாதவர்கள் ஜிப் பையின் வாயை ஓரமாகத் திறந்துவைத்து, வாய்க்குள் நீர் புகாதபடி பையைத் தண்ணீரில் மெல்ல அமிழ்த்தினால் காற்று தானாக வெளியேறும், உடனே மூடிவிடலாம். பாகத்தின் பெயர், எடை, தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். மைனஸ் 18 டிகிரியில் கொத்துக்கறியின் சுவை 3 முதல் 4 மாதம் நிற்கும், ஸ்டேக் 4 முதல் 12 மாதம் வரை போகும். இளக்குவதை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். 2 கிலோ துண்டுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும்.

இப்படிக்கு,
கறி வெட்டும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்