புகார்: கேட்டது பழைய பதிப்பு, அனுப்பியது திருத்திய பதிப்பு

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான பதிப்பை மாற்றித் தர மறுப்பது

ஐயா / அம்மா,

வணக்கம். ஆர்டர் விவரம் எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. மறுபடியும் முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஆங்கிலக் குழந்தைக் கதை எழுத்தாளர் ரோல்டு டாலின் 'மடில்டா', அவர் எழுதியபடியே உள்ள பதிப்பு வேண்டும் என்று ஆர்டரிலேயே குறிப்பு எழுதினேன். போனிலும் கேட்டேன், "அதேதான் மேடம்" என்றார்கள். வந்தது திருத்திய பதிப்பு, அதாவது இன்றைக்குப் புண்படுத்தும் என்று நினைத்த வரிகளை அவர் இறந்த பிறகு மாற்றி வெளியிட்டது.

மகளுக்கு வாசித்துக் காட்டும்போதுதான் தெரிந்தது. பழைய புத்தகத்தில் மடில்டா என்ற சிறுமி, எழுத்தாளர்களின் புத்தகங்களை வாசித்தபடியே கற்பனையில் ஊர் சுற்றுவாள், கிப்ளிங்கோடு இந்தியாவுக்குப் போவாள். இதில் ஸ்டைன்பெக்கோடு கலிபோர்னியாவுக்குப் போகிறாள். கான்ராடின் பாய்மரக் கப்பலும் போய், அந்த இடத்தில் ஜேன் ஆஸ்டின். கிப்ளிங் வெள்ளைக்கார ஆட்சியைத் தூக்கிப் பிடித்தவர் என்பது எனக்கும் தெரியும். அதை என் மகளிடம் நானே சொல்வேன். வரியையே எடுத்துவிட்டால் எதைக் காட்டிச் சொல்வது?

கொளுத்துகிற வெயிலில் பஸ் மாறி உங்கள் கிளைக்கு வந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "குழந்தைங்க புக்குதானே மேடம், ரெண்டு வரி மாறினா அதுக்குத் தெரியவா போகுது?" என்றார். பிரித்த புத்தகத்தைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். பிரிக்காமல் எந்தப் பதிப்பு என்று எப்படிப் பார்ப்பது? "அவ்வளவு ஆசைன்னா பழைய புத்தகக் கடையில தேடிக்கோங்க" என்று வேறு சொன்னார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். உங்கள் ஊழியர் வாடிக்கையாளரிடம் பேசுகிற பேச்சா இது?

2023 பிப்ரவரியில் இந்தத் திருத்தங்கள் வெளியே தெரிந்தபோது சல்மான் ருஷ்டியே கண்டித்தார். அந்த மாதமே டாலின் புத்தகங்களை வெளியிடும் பஃபின் பதிப்பகம், பழைய வாசகத்தோடு 17 புத்தகங்கள் பெங்குவின் பெயரில் தனியாக வரும் என்று அறிவித்தது. இரண்டும் வேறு வேறு என்று பதிப்பகமே ஒத்துக்கொண்ட பிறகும் உங்கள் தளத்தில் இரண்டுக்கும் ஒரே பக்கம், ஒரே படம். புத்தகம் விற்கிற உங்களுக்கா இது தெரியாது?

டாலே திருத்தியதில்லையா என்று உங்கள் போன் ஊழியர் ஒருவர் வாதாடினார். திருத்தினார். 'சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி' கதையில் தொழிலாளர்களை 1964இல் ஆப்பிரிக்கப் பிக்மிகளாக (குள்ள உருவப் பழங்குடிகளாக) எழுதியிருந்தார். கண்டனம் வந்ததும் 1973இல் தன் கையாலேயே மாற்றினார். அவர் இறந்தது 1990இல். இப்போது மாற்றியவர்கள் அவரைக் கேட்டா மாற்றினார்கள்? திருத்திய பதிப்பே வேண்டுமென்கிற பெற்றோரும் இருப்பார்கள், அவர்களுக்கு அதை விற்றுக்கொள்ளுங்கள். எதை விற்கிறீர்கள் என்று சொல்லி விற்க வேண்டும்.

என் மகளின் கோடை விடுமுறையே பாழாகிவிட்டது. ஒரு புத்தகத்தை முதன்முதலாகப் படிக்கிற வயது இனி அவளுக்குத் திரும்ப வராது. அதற்கு என்ன நஷ்டஈடு தருவீர்கள்?

தயவுசெய்து பழைய வாசகம் உள்ள பதிப்பை அனுப்புங்கள், அல்லது கூரியர் கட்டணத்தோடு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நிலைக்குப் போக வைக்காதீர்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கவுன்ட்டர் ஊழியரின் மன்னிப்பும் எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்