டை கிரைண்டர் வாங்கும் முன் காற்றைக் கணக்குப் பார்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. முட்டுவலி குறைந்து மறுபடி காருக்கு அடியில் படுத்து எழும்ப ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. மூத்தவளுக்கு வேலை கிடைத்த சேதியை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். அப்பா ஓட்டிய காரை யாருக்கும் தள்ளிவிடாமல் நீயே உட்கார்ந்து சரிபண்ணுகிறாய் பார், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் காரின் பின்சீட்டில் நாம் எத்தனை தடவை தூங்கியிருக்கிறோம்!

சரி, கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். காற்றில் ஓடும் டை கிரைண்டர், அதான் உலோகத்தைக் கடையவும் தேய்க்கவும் கையில் பிடிக்கும் சின்னச் சுழல் கருவி, ஒன்று வேண்டும், அதிகம் செலவழிக்க முடியாது, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். விலை குறைந்ததையே வாங்கு, பயப்படாதே. ஆனால் அதற்கு முன்னால் காற்றை அமுக்கித் தொட்டியில் அடைக்கும் உன் கம்ப்ரஸரைப் பார். கருவியைப் பற்றிய பாதிக் கேள்விகளுக்குப் பதில் அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது.

விலை குறைந்தது போதும் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? உள்ளே ஒன்றுமே இல்லை மாப்ள. மையம் விலகிய ஓர் உருளை அறை, அதற்குள் சுழலும் ஒரு ரோட்டர், ரோட்டரின் பள்ளங்களில் வழுக்கிக்கொண்டு நிற்கும் நான்கைந்து மெல்லிய தகடுகள் (வேன் என்பார்கள்), இரண்டு பக்கமும் மூடித் தகடு, இரண்டு பேரிங். காற்று வேனைத் தள்ளுகிறது, ரோட்டர் சுழல்கிறது, அவ்வளவுதான். கம்பிச்சுருள் இல்லை, கார்பன் பிரஷ் இல்லை. அழுத்திப் பிடித்து அது நின்றே போனாலும் எதுவும் எரியாது. கையை லேசாக்கினால் மறுபடி ஓடும். மின்சாரக் கருவியை அப்படி நிறுத்திப் பார், சுருள் புகைந்துவிடும். இவ்வளவு எளிய பொருளை மலிவாகவும் ஒழுங்காகச் செய்ய முடியும், செய்கிறார்கள்.

இப்போது காற்றுக்கு வா. பெட்டியின் மேல் 4 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 4 கன அடி காற்று, என்று போட்டிருப்பான். அதை நம்பி இறங்காதே. பெரும்பாலும் அது விட்டு விட்டு ஓட்டினால் வரும் சராசரி. நெம்புகோலை முழுசாக அழுத்திப் பிடித்தால் கால் அங்குல டை கிரைண்டர் நிமிடத்துக்கு 15 கன அடிக்கு மேலேயே குடிக்கும். உன்னுடையது 2 குதிரைத்திறன், 50 லிட்டர் தொட்டி என்று எழுதியிருக்கிறாய். அந்த ரகம் 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்கு 5, 6 கன அடி தந்தாலே பெரிது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொட்டி 8 பார் அழுத்தத்தில் நிற்கிறது. கருவிக்கு வேண்டியது 6 பார், அதாவது ஏறக்குறைய 90 பி.எஸ்.ஐ. இடையில் இருக்கும் 2 பார்தான் உன் கைச்செலவுக்கு. 50 லிட்டரை 2 ஆல் பெருக்கினால் 100 லிட்டர் காற்று. கருவி நொடிக்கு 7 லிட்டர் இழுக்கிறது, கம்ப்ரஸர் நொடிக்கு இரண்டரை லிட்டர் போல உள்ளே தள்ளுகிறது. மிச்சம் நாலரை லிட்டர் தொட்டியிலிருந்து போகும். ஆக இருபது நொடிக்குக் கொஞ்சம் மேல் முழு வேகத்தில் வேலை செய்யலாம், பிறகு முக்கால் நிமிடம் போலக் காத்திருக்க வேண்டும்.

இதைக் கேட்டு மனசு விட்டுவிடாதே. ஒரு துருப் பொட்டைத் தேய்க்கவும், ஒரு போல்ட் தலையை வெட்டவும் இருபது நொடி தாராளம். காத்திருக்கும் நேரத்தில் பாதுகாப்புக் கண்ணாடியைத் தூக்கி, தூசியைத் துடைத்து, எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்கலாம். அதுவும் வேலைக்கு நல்லதுதான். ஆனால் காரின் அடிப்பாகம் முழுக்கத் துரு எடுக்கப்போகிறேன் என்றால் இந்தக் கம்ப்ரஸர் தாங்காது, ஓய்வே இல்லாமல் ஓடிச் சூடேறிவிடும். அந்த வேலைக்கு மின்சார ஆங்கிள் கிரைண்டரை எடு. சின்ன டை கிரைண்டரின் திறனே கால் முதல் அரைக் குதிரைத்திறன் வரைதான். அந்தச் சின்னத் திறனுக்காகக் கம்ப்ரஸர் படும் பாடு பெரியது. பெரிய பரப்புக்கு அது சரிவராது.

நேரானதா, தலை மடங்கியதா என்று கேட்டிருந்தாய். உன் வேலைகளை வரிசையாகப் படித்தேன்: மேனிஃபோல்டில் ஒடிந்த ஸ்டட் (தலையில்லாத மரைக்கம்பி), சிலிண்டர் ஹெட்டில் ஒட்டிக்கிடக்கும் பழைய கேஸ்கட் (கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் தகடு), சக்கர வளைவில் துருப் பொட்டுகள், சைலன்சர் கிளாம்ப். ஒன்றே ஒன்றுதான் வாங்குவாய் என்றால் தலை மடங்கியதை வாங்கு. 50 மி.மீ. வட்ட உப்புத்தாளைத் திருகி மாட்டித் துரு எடுக்க, வெல்டிங் மேட்டைச் சமப்படுத்த, இடுக்கில் நுழைக்க அதுதான் வாகு. நேர் கருவி துளைக்குள் பர் (பல் வெட்டிய கடையும் முனை) விட்டுக் கடைய, ஆழத்தில் எட்ட நன்றாக இருக்கும். ஒடிந்த ஸ்டட்டின் முனையைத் தட்டையாக்கி நடுவில் பஞ்ச் வைக்கும் வேலைக்கு நேரானது கொஞ்சம் எளிது, ஆனால் மடங்கியதிலும் முடியும். மடங்கிய தலைக்குள் சுழற்சியைத் திருப்பிவிடும் பெவல் கியர் இருக்கிறது. அவ்வப்போது கிரீஸ் கேட்கும். பலர் அதை மறந்துவிட்டுக் கருவி சரியில்லை என்கிறார்கள்.

கடையில் கையில் எடுத்ததும் என்ன பார்ப்பாய்? நேரான பளபளப்புக் கம்பி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போ. டிரில் பிட்டின் வழவழப்பான தண்டு இருந்தாலும் போதும். கொலெட்டில், அதாவது பரின் தண்டைப் பிடிக்கும் வாயில், மாட்டி இறுக்கி, விரலால் மெதுவாகச் சுற்று. கம்பியின் நுனியையே பார். நுனி ஒரே புள்ளியில் நின்றால் நல்லது. நுனி வட்டம் போட்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததை எடு. 25,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) அந்தச் சின்ன வட்டம்தான் கையை மரத்துப்போக வைக்கும், பரின் பல்லை உடைக்கும். பிறகு கம்பியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். பேரிங்கில் ஆட்டம் தெரியக் கூடாது. நெம்புகோலில் பூட்டு இருக்க வேண்டும், கையை விட்டதும் அது தானாகத் திரும்பி விழ வேண்டும். கீழே போட்டால் தானே ஓடத் தொடங்கும் கருவியை வீட்டில் வைக்காதே, பேரப்பிள்ளைகள் வந்து போகும் இடம்.

காற்று வெளியேறும் வாய் பின்பக்கம் இருப்பதைத் தேர்ந்தெடு. முன்பக்கம் வெளியேறினால் வெட்டுத்தூசியை ஊதித் தள்ளும் என்பார்கள். உண்மைதான், ஆனால் படுத்துக்கொண்டு வேலை பார்க்கும்போது அந்தத் துரு முழுக்க உன் முகத்துக்குத்தான் வரும். வேகத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் நல்லது.

கொலெட் அளவில் கவனம் வை. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. சந்தையில் 6 மி.மீ. தண்டு உள்ள பர்களும் கிடைக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 6 மி.மீ. தண்டைக் கால் அங்குலக் கொலெட்டில் போட்டு இறுக்கினால் பிடித்த மாதிரி தெரியும், ஓடும்போது நழுவும். அந்த 0.35 மி.மீ. இடைவெளியில் உன் விரல் இருக்கிறது மாப்ள. வாங்கும் நாளிலேயே எந்த அளவு என்று முடிவு பண்ணி, எல்லா பரையும் அதே அளவில் வாங்கு.

கருவியில் மிச்சம் பிடித்த பணத்தைக் கார்பைடு பரில் போடு. இரும்புக்குக் குறுக்கும் நெடுக்கும் வெட்டிய பல், அலுமினியத்துக்கு அகலமான ஒற்றைப் பல். மாற்றிப் போட்டால் அலுமினியம் பல்லிடுக்கில் அப்பிக்கொண்டு பர் வழவழவென்று ஆகிவிடும். கொஞ்சம் மெழுகு தடவினால் அப்புவது குறையும்.

நீளத் தண்டு பரைப் பற்றி என் அனுபவம் ஒன்று சொல்ல வேண்டும். ஹெட்டில் காற்று போகும் வழியான போர்ட்டுக்குள் ஆறங்குலத் தண்டு விட்டுக் கடைந்துகொண்டிருந்தேன். உள்ளே முனை உலோகத்தில் சாய்ந்திருந்தவரை அமைதியாக ஓடியது. நெம்பை விடாமல் அப்படியே வெளியே இழுத்தேன். முனைக்குப் பிடிமானம் போன கணமே தண்டு எல் எழுத்து மாதிரி மடங்கி, கருவி கையிலிருந்து உதறிக்கொண்டு போனது. ஒரு நொடிகூட இல்லை. கையுறையின் மேல்தோல் மட்டும் கிழிந்தது. அன்றைக்கு முழுக்கக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நீளத் தண்டு போட்டால் வேகத்தைக் குறை, முனை உலோகத்தைத் தொட்ட பிறகுதான் நெம்பை அழுத்து, நின்ற பிறகுதான் வெளியே எடு. எந்தத் தட்டு மாட்டினாலும் அதில் அச்சடித்த ஆர்.பி.எம். கருவியின் ஆர்.பி.எம்.முக்குக் குறையக் கூடாது. காவல் மூடி இல்லாமல் வெட்டும் தட்டைத் தொடாதே. பர் மாற்றும்போது காற்று வரும் ஹோஸைக் கழற்றிவிடு. காற்றில் ஓடுவதால் பெட்ரோல் பக்கத்தில் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். மோட்டாரில் பொறி வராதுதான், ஆனால் இரும்பில் உரசினால் பறக்கும் பொறிக்கு என்ன செய்வது? டேங்க் பக்கம் கொண்டுபோகாதே.

கேஸ்கட் சுரண்டும்போது இன்னொரு ஆபத்து. முரட்டுத் தாளை வைத்துத் தேய்த்தால் வேகமாகப் போகும், பளபளவென்றும் ஆகும். ஆனால் தாளிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் எண்ணெய் வழிக்குள் போய் எஞ்சின் பேரிங்கைத் தின்றுவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் மெக்கானிக்குகளுக்கு இதைப் பற்றித் தனிச் சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறது. அலுமினிய ஹெட்டாக இருந்தால் பரப்பிலும் பள்ளம் விழும். அந்த ஒரு வேலைக்கு டை கிரைண்டரே வேண்டாம். கேஸ்கட் கரைப்பானை ஊறவிட்டுப் பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடு. மணிக்கணக்கு ஆனாலும் பரவாயில்லை, அந்த எஞ்சின் அப்பா சத்தம் கேட்டு ரசித்த எஞ்சின்.

ஹோஸின் உள்விட்டம் 10 மி.மீ. இருக்கட்டும். மெல்லிய சுருள் ஹோஸ் போட்டால் தொட்டியின் மானி 90 காட்டும், கருவிக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவாக இருக்கும். நெம்பை அழுத்திப் பிடித்தபடி மானியின் முள்ளைப் பார்த்து ரெகுலேட்டரைத் திருகு.

எண்ணெய் விஷயத்தை மட்டும் சத்தியமாக மறக்காதே. ஒவ்வொரு முறையும் ஹோஸ் மாட்டும் முன் காற்று நுழையும் வாயில் ஏர் டூல் எண்ணெய் நாலு சொட்டு. எஞ்சின் ஆயில் வேண்டாம், பிசினாகி வேனை ஒட்டவைத்துவிடும். ஒரு தடவை நான் எண்ணெய் விடாமல், தொட்டியின் தண்ணீரும் வடிக்காமல் மூன்று மாதம் கருவியைப் போட்டுவைத்தேன். நெம்பை அழுத்தினால் உஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது, தண்டு அசையவில்லை. பிரித்துப் பார்த்தேன். ரோட்டரில் செந்தூள் மாதிரி துரு, வேன்கள் பள்ளத்துக்குள்ளேயே இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி வெளியே எடுத்து, மெல்லிய தாளால் பள்ளத்தைத் துடைத்து, எண்ணெய் தடவி மாட்டினேன். முன்பு போலவே சீறிக்கொண்டு ஓடியது. இன்றைக்கும் அதுதான் என் கையில் இருக்கிறது. ஆகவே வாங்கும்போது உதிரி வேன் கிடைக்குமா என்று கேட்டுவிடு.

கண்ணாடி, காதடைப்பு இரண்டும் மாட்டு. இதன் கீச்சொலி கூர்மையானது, நம் வயதில் காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டட் எந்தப் பக்கம் ஒடிந்தது, எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது. நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டவே வேண்டாம், மேலே நட் ஒன்றை வெல்டிங் செய்து திருப்பிவிடலாம். என்னிடம் உபயோகிக்காத முட்டை வடிவ பர் ஒன்று இருக்கிறது, கால் அங்குலத் தண்டு. நீ வாங்கும் கருவியின் கொலெட் அளவைச் சொல், பொருந்தினால் அனுப்பிவைக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழன்