லுக்ரீஷியஸ் வீனஸைக் கும்பிட்டது ஏன்?

அன்புள்ள தம்பிக்கு,

தெய்வங்கள் நம்மை ஏறிட்டும் பார்ப்பதில்லை என்று சொல்லவந்த ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ், 'பொருள்களின் இயல்பு' என்ற தன் நெடுங்கவிதையைக் காதல் தெய்வமான வீனஸைக் கும்பிட்டுத் தொடங்குகிறாரே, காப்புச் செய்யுள் மாதிரி ஒப்புக்கு வைத்ததா என்று கேட்டிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்புக்கு எழுதுகிறவர் நாற்பது வரிக்கு மேல் இப்படி உருகமாட்டார்.

அவள் வந்ததும் காற்று ஓடுகிறது, மேகம் கலைகிறது, மண் பூவாய் விரிகிறது, கடல் சிரிக்கிறது. பறவைகள்தாம் முதலில் அவள் வரவை அறிவிக்கின்றன. பிறகு விலங்குகள் புல்வெளியில் துள்ளி, விரைந்தோடும் ஆறுகளை நீந்திக் கடக்கின்றன. இதில் பலியும் இல்லை, பயமும் இல்லை. லுக்ரீஷியஸ் பின்பற்றிய கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸின் வழியில் இன்பமே உயர்ந்த நன்மை. 'மனிதருக்கும் தேவருக்கும் இன்பமே' என்று முதல் வரியிலேயே வீனஸை அழைத்துவிடுகிறார். துதியும் தத்துவமும் அங்கே ஒன்றுதான்.

பிறகு மார்ஸ் வருகிறான். போர்த்தெய்வம், காதலில் அடிபட்டு அவள் மடியில் கிடக்கிறான். அவனிடம் சொல்லி ரோமானியருக்கு அமைதி வாங்கித் தா என்று கேட்கிறார். உள்நாட்டுப் போர்களைக் கண்ட கி.மு. முதல் நூற்றாண்டு அது. வேண்டுதல் நெஞ்சிலிருந்து வந்ததாகவே படுகிறது.

உடனே அடுத்த ஆறு வரிகளில், தெய்வங்கள் நம்மிடமிருந்து விலகிப் பேரமைதியில் வாழ்கின்றன, நம் நற்செயலுக்கு மகிழ்வதும் இல்லை, சினப்பதும் இல்லை என்கிறார். இரண்டாம் புத்தகத்திலும் இவை அப்படியே வருவதால், சில பதிப்பாசிரியர்கள் இங்கே நீக்கிவிட்டார்கள். எனக்கு இவை இங்கேயே இருக்க வேண்டும். கலையாத அமைதி இருக்கும் இடத்தைப் பார்த்துத்தானே அமைதி கேட்கத் தோன்றும்?

அவர் வெறுத்தது எதை என்பது சற்றுத் தள்ளி, ஔலிஸ் என்ற கிரேக்கத் துறைமுகத்தில் நடக்கும் காட்சியில் தெரிகிறது. கப்பல்கள் நல்லபடி கிளம்ப வேண்டும் என்பதற்காகப் பெற்ற தகப்பனே மகளைப் பலியிடுகிறான். அந்த வரிகளில் கோபம் கொதிக்கிறது.

இத்தனையும் மெம்மியஸ் என்ற அரசியல்வாதியை நோக்கி எழுதியது. ஏதென்ஸில் எபிகூரஸின் வீட்டு இடிபாடு அந்த ஆளின் கைக்கே போய்ச் சேர்ந்தது. அதை எபிகூரியர்களுக்கு விட்டுக்கொடுக்கும்படி கி.மு. 51இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ கடிதம் எழுத வேண்டியிருந்தது. நல்ல மாணவர்!

அடுத்து மூன்றாம் புத்தகத்தின் முதல் முப்பது வரிகளைப் படி. எபிகூரஸின் சொல் கேட்டு உலகின் மதில்கள் விலகுகின்றன. வெட்டவெளியெங்கும் பொருள்கள் இயங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. அதைக் கண்டதும் தெய்வீகமான இன்பமும் நடுக்கமும் ஒருசேரத் தன்னைப் பற்றிக்கொள்வதாக லுக்ரீஷியஸே சொல்கிறார். படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்