செல்ஃப் எடுக்காத லாரி: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு வேலை நிரந்தரமானதை அறிந்து எல்லோரும் மகிழ்ந்தோம். என் வாழ்த்தை அவனிடம் சொல். என் முழங்கால் வலி கொஞ்சம் தணிந்திருக்கிறது. பட்டறைக்குத் தினமும் போவதில்லை என்றாலும், யாராவது ஒரு பழுதைச் சொன்னால் மனம் உடனே எஞ்சின் பக்கம் போய் நின்றுவிடுகிறது.

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காலையில் சாவியைத் திருப்பினால் சில நாள் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். வேறு சில நாள் எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதில்லை. நண்பகலில் ஒரே திருப்பலில் கிளம்பிவிடுகிறது. பேட்டரி இரண்டையும் மாற்றிவிட்டாய். இப்போது எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள், அடுத்து டீசல் பம்பையும் இறக்க வேண்டும் என்கிறார்கள். தயவுசெய்து எதையும் கழற்ற விடாதே. ஒரு மல்டிமீட்டரும், சாவியைத் திருப்ப ஓர் ஆளும் இருந்தால் போதும்.

முதலில் பேட்டரிகளைத் தனித்தனியாக அளந்து பார். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்துதான் உன் லாரிக்கு 24 வோல்ட் தருகின்றன. இரவு முழுவதும் ஓய்வில் இருந்த பேட்டரி ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது என்று பொருள். மொத்தமாக மட்டும் அளந்தால், ஒன்று நன்றாகவும் மற்றொன்று சோர்ந்தும் இருப்பது உன் கண்ணில் படாது.

அடுத்த அளவைத்தான் பெரும்பாலானவர்கள் எடுப்பதே இல்லை. டீசலை நிறுத்தும் ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடித்து, எஞ்சின் பிடிக்காதபடி செல்ஃபை மட்டும் சுற்றவிட்டு, அந்த நேரத்தில் பேட்டரிகளின் இரு முனைகளிலும் மொத்த வோல்ட்டைப் பார். 19 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். 22, 23 என்று நின்றும் எஞ்சின் ஊர்ந்துதான் சுற்றுகிறது என்றால், மின்சாரம் வழியில் எங்கோ தடைபடுகிறது, அல்லது செல்ஃப் தேய்ந்திருக்கிறது. இந்த இரண்டில் எது என்று அறிய, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கம்பத்தின் மேலேயே வை. அதைக் கவ்வியிருக்கும் கேபிள் கிளாம்ப்பின் மேல் வைக்காதே. மறுமுனையைச் செல்ஃபின் பெரிய போல்ட்டில் வைத்துச் சுற்றவிடு. அரை வோல்ட்டுக்குள் காட்டினால் நல்ல கேபிள். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் பழுது அந்த வழியில்தான் இருக்கிறது. பிறகு நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே அதே போல் அளந்து பார்.

எனக்குச் சந்தேகம் இந்த நெகட்டிவ் பக்கத்தின் மேல்தான். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. லாரியின் சட்டமான சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் இடையே மின்சாரம் போக எர்த் கேபிள் ஒன்றுதான் சரியான வழி. அதன் போல்ட்டுக்கு அடியில் துரு படிந்தால் வெளியே தெரியாது. விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், ஏனென்றால் அவற்றுக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃபுக்கோ நூற்றுக்கணக்கில் வேண்டும். வழியில் 0.01 ஓம் தடை இருந்து 400 ஆம்பியர் ஓடினால், 4 வோல்ட் அந்த இணைப்பிலேயே வெப்பமாகப் போய்விடும். வண்டி சும்மா நிற்கும்போது ஓம் அளந்தால் இவ்வளவு சிறிய தடை சாதாரண மீட்டரில் தெரியாது. காலைக் குளிரில் ஆயில் கெட்டியாகிச் செல்ஃப் கூடுதல் மின்சாரம் கேட்கிறது. நண்பகலில் தொந்தரவு இல்லாததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். சுற்றியவுடன் கேபிள் இணைப்புகளைத் தொட்டுப் பார். எது சூடாக இருக்கிறதோ அதைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து இறுக்கு.

இரு பக்கமும் சரியாக இருந்து, ‘டக்’ சத்தத்தின்போது பெரிய போல்ட்டில் முழு வோல்ட்டும் வந்து நின்றால், அப்போது செல்ஃபைக் கழற்றச் சொல். செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்சான சொலினாய்டின் உள்ளே இருக்கும் செப்புத் தொடுமுனைகள் தீய்ந்திருக்கலாம், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். முழு மோட்டாரையும் மாற்ற வேண்டியது அரிது.

டீசல் பம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால்தான் டீசல் பற்றும். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரில் கரைந்துவிடுகிறது. ஆகவே பார்ப்பவருக்கு மின்சாரக் கோளாறே டீசல் கோளாறு போலத் தோன்றும். சைலன்ஸரைக் கவனி: ஸ்டாப் குமிழை இழுக்காமல் சுற்றும்போது வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை, அவ்வளவுதான். புகையே இல்லையென்றால் மட்டும் ஃபில்ட்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கை பம்பை அடித்து, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்று. தினமும் காலையில் காற்று சேர்ந்தால், டேங்கிலிருந்து வரும் உறிஞ்சு குழாயில் எங்கோ சிறு கசிவு இருக்கும். அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு என்பதால் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே சொட்டாது. ஈரத்தைத் தேடிப் பயனில்லை.

உன் தம்பியின் புதிய லாரியில், டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் குழாய்களைத் தளர்த்திப் பார்க்க யாரையும் விடாதே. அது காமன் ரயில் எஞ்சின், அதாவது எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வகை. அழுத்தம் 1,500 பாரை, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 1,500 மடங்கைத் தாண்டும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

செல்ஃபை ஒரே மூச்சில் 15 நொடிக்கு மேல் சுற்றாதே. இடையே இரண்டு நிமிடம் ஆறவிடு. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வை. கீழே படுத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃபை ஷார்ட் செய்து கிளப்பும் வேலை மட்டும் வேண்டாம். கியரில் நிற்கும் லாரி அப்படிக் கிளம்பினால் ஆள் மேல் ஏறிவிடும். இதை எனக்காகக் கேள்.

சுற்றும்போது பேட்டரி முனையில் எவ்வளவு, பாசிட்டிவ் வழியில் எவ்வளவு, எர்த் வழியில் எவ்வளவு என்று மூன்று அளவுகளையும், புகையின் நிறத்தையும் எழுதி அனுப்பு. அதற்குள் யாராவது செல்ஃபை மாற்ற வந்தால், என் பெயரைச் சொல்லி நிறுத்திவை.

அன்புடன்,
உன் நண்பன்